திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்

நாலு மணி நேரம்தான் என்று சாத்தையா சொல்லியிருக்கக் கூடாது. வேறு எவன் சொல்லியிருந்தாலும் பொடி போட்டவன் தும்முகிற மாதிரி ஒரே தும்மலில் முடித்திருப்பேன். கலெக்டர் சொல்லட்டும். இந்த விமானத்தை ஓட்டுகிறவரே சொல்லட்டும், இப்போதுதான் சொன்னார், கரகரவென்று, இங்கிலீஷில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம், இத்தனை ஆயிரம் அடி, இத்தனை கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று. சொல்லிவிட்டுப் போகட்டும், அவர் எனக்கு மாமனா மச்சானா. சாத்தையா சொல்லலாமா. இதோ உட்கார்ந்திருக்கிறான், மூன்று சீட்டில் நடுச்சீட்டில், என் முழங்கை மேல் அவன் முழங்கை. பெல்ட்டை வேட்டி இறுக்குகிற மாதிரி தொப்புளுக்கு மேலே இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறான். தூக்கமில்லை, நடிப்பு. தூங்கினால் இவன் வாய் திறந்துகொள்ளும், ஊரே அறியும். என் தங்கச்சி பொன்னழகைக் கட்டினவன். அதனால் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். அதற்கும் முன்னால், இருவருக்கும் மீசை முளைப்பதற்கும் முன்னால், கூட்டாளி. எங்கள் ஊர்க் கிணற்றில் நான் குதித்து அரிமளத்துக் கிணற்றில் எழுந்திருக்கிறேன், அதற்கு அவன்தான் சாட்சி. நம்பாமல் சிரித்தவர்களிடம் அப்போதே சொன்னான், இவன் பாட்டுக்குப் போயிட்டான், துண்டை இங்கயே விட்டுட்டு, நான்ல வெயில்ல அரிமளம் வரைக்கும் நடந்துபோய்க் குடுத்தேன் என்று. சொல்லிவிட்டு உண்மையாகவே சலித்துக்கொண்டான். அந்தச் சலிப்பு இருக்கிறதே, அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்படிப்பட்டவன், ஊர் கூடியிருந்த இடத்தில் என்னைக் கைவிட்டான். இறங்குகிற வரைக்கும் இவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. டிக்கெட் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது, கோலாலம்பூரில் இருக்கிற இவன் மகன் இளமாறன் எடுத்து அனுப்பினான், நீ வராட்டி நான் தனியா ஏற மாட்டேன் மச்சான் என்று இவனும் ஒரு மாதம் அரற்றினான், பதினைந்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம். டிக்கெட் வீணாகக் கூடாது, அதனால்தான் போகிறேன் என்று ஊரில் சொன்னேன். உள்ளே இருப்பது வேறு. ஏன் சொன்னான் என்று தெரிய வேண்டும். கேட்கவும் மாட்டேன், தெரியவும் வேண்டும். இந்த வயதில் இப்படி ஒரு குடைச்சல்.

மேகம் தட்டுகிறது. வண்டி கட்டாந்தரையில் ஏறி இறங்குகிற மாதிரி. அன்றைக்கு இப்படி இல்லை, அன்றைக்கு அசையவே இல்லை, அதுதான் கதையே. கிள்ளானில் ஒரு முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அரிமளத்துத் தவசுப்பிள்ளை சொக்கலிங்கம் சமையல் ஒப்புக்கொண்டு பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனார். காய் நறுக்க நானும் இவனும். மீனம்பாக்கத்தில் ஏறினோம். அந்தமானைத் தாண்டியதும் எதிர்க்காற்று. எஞ்சின் ஓடுகிறது, இறக்கை நடுங்குகிறது, விமானம் நகரவில்லை. கீழே ஒரு கப்பல், காலையில் பார்த்த அதே கப்பல், மத்தியானமும் அதே இடத்தில். கப்பல் மேல்தட்டில் ஒருத்தன் எங்களுக்குக் கையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போய் உள்ளே போய்விட்டான். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. சாப்பாடு தீர்ந்தது. பைலட், ஒரு சர்தார்ஜி, வெளியே வந்து சொக்கலிங்கம் பிள்ளையிடம் கைகூப்பினார். எங்களிடம் ரவை மூட்டை இருந்தது. காப்பி போடுகிற வென்னீர்க் குழாயைத் திறந்துவிட்டு உப்புமா கிண்டினோம். கடுகு வெடித்தபோது எஞ்சின்தான் வெடித்தது என்று நாலு பேர் மயக்கம் போட்டார்கள். தாளித்த வாசனை வெளியே போனதும் காற்று வழிவிட்டது. இதை நான் எத்தனை கல்யாணத்தில், எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருப்பேன். முடிக்கும்போது எல்லாத் தலையும் சாத்தையா பக்கம் திரும்பும், ஏனென்றால் கூட இருந்தவன் அவன்தான், மற்ற பத்துப் பேரும் சொக்கலிங்கம் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் ஆமாம் என்று சொல்ல மாட்டான். ஆமாம் போடுகிறவன் மட்டமான சாட்சி. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, கறிவேப்பிலை மட்டும் இல்லை, அதுதான் ஒரு குறை, என்பான். முடிந்தது. உப்புமா கிண்டாதவனுக்குக் கறிவேப்பிலைக் கவலை எங்கிருந்து வரும்? கோட்டையை நான் கட்டுவேன், அதில் ஒரு ஓட்டை ஒழுகுகிறது என்று அவன் சொல்வான். ஒழுகுகிற கோட்டையை யார் இல்லை என்பார்கள். நடந்தது என்னமோ, ஏறினோம், ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், சாத்தையா வாந்தி எடுத்தான், இறங்கினோம். அதை எவன் உட்கார்ந்து கேட்பான்.

முதலில் கேட்டது பொன்னழகுதான். கும்பாபிஷேகம் முடிந்து அங்கேயே ஒரு ஓட்டலில் வேலை என்று இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தோம், தகவல் ஒன்றும் சொல்லாமல். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், இந்த இளமாறன்தான் வயிற்றில். சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இவனோடும் பேசவில்லை என்னோடும் பேசவில்லை. இவன் வாசலில் பெட்டியோடு நிற்கிறான், உள்ளே வரத் தைரியமில்லை. நான்தான் ஆரம்பித்தேன். எங்க தாயி வர முடிஞ்சுது, விமானம் நகர்ந்தால்ல, என்று. எதற்கு ஆரம்பித்தேன், எங்கே போகும் என்று எனக்கே தெரியாது, வாய் முன்னால் ஓட நான் பின்னால் ஓடினேன். கடுகு வெடித்த இடத்தில் அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால் சிரிப்பு. திரும்பி இவனிடம் கேட்டாள், நெசமாவா? அதுவரைக்கும் பொண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லாதவன். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பெட்டியைக் கீழே வைத்தான். கறிவேப்பிலை மட்டும் இல்லை என்றான். அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும்ண்ணே, வலிக்குது, போதும்ண்ணே என்றாள். அவள் போய் மூன்று வருஷம். கதை இருந்தது. போன வாரம் வரைக்கும் இருந்தது. அதைத்தான் இவன் நாலு மணி நேரத்தில் வெட்டிச் சாய்த்தான்.

திருமயத்தில் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்து நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம், வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது, யாரோ கேட்டார்கள், நானும் சொன்னேன். பிரவீன் என்று ஒரு பையன், காலேஜ் படிக்கிறவன், போனைத் தடவிக்கொண்டே, தாத்தா, திருச்சியிலேருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம்தான், மெட்ராஸ்லேருந்தும் அதே கணக்குத்தான், ரெண்டு ராத்திரி ஒரு பகல் பறந்தா அமெரிக்காவையே தாண்டியிருக்கலாம் என்றான். தாண்டினோம்டா, ஜன்னலைச் சாத்தி வச்சிருந்தான், பார்க்க முடியலை என்றேன். மண்டபமே சிரித்தது. நல்ல சிரிப்பு, என் பக்கம் சேர்ந்த சிரிப்பு. பிரவீனும்தான் சிரித்தான். போன் என்ன பெரிய போன், போன் அன்றைக்குக் கூட வந்ததா? எல்லோரும் வழக்கம்போலச் சாத்தையாவைப் பார்த்தார்கள். அவன் வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. அப்பவும் நாலு மணி நேரம்தான், என்றான். பக்கம்தான், என்றான். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், அது வேறு சிரிப்பு. நான் வெளியே போய்ச் செருப்பைத் தேடினேன். காலில்தான் போட்டிருந்தேன். மறுநாள் வீரய்யா டீக்கடையில், ஏய், நாலு மணி வர்றாரு, ஒரு டீ போடு, என்றார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. என்ன நாலு மணி, சாப்பிட்டீங்களா. நாலு மணிக்குச் சர்க்கரை கம்மி. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். இவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான், கீழேயும் மேலேயும், கீழேயும் மேலேயும், ஆறி அவலாகிப் போன டீயை. ஒரு வார்த்தை, விடுங்கப்பா என்று ஒரு வார்த்தை? கிடையாது.

வயதானால் பொய்க்குப் பயம் வந்துவிடும் என்பார்கள், எமன் கணக்குக் கேட்பான் என்று. அதுவாக இருக்குமா. போன வருஷம் கண் ஆப்பரேஷன் செய்துகொண்டான், கண் தெளிந்ததும் புத்தியும் தெளிந்துவிட்டதா. இல்லை, என் மேல் என்ன வெறுப்பு. பொன்னழகு சாகக் கிடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்கவில்லை, அதுவா. அவனே போகச் சொன்னான், போய்ப் படு மச்சான், காலையில் வா என்று. காலையில் வந்தேன். அதையா மூன்று வருஷம் உள்ளேயே வைத்திருந்து ஒரு காதுகுத்தில் எடுத்துப் போட்டான். அப்படி வைத்திருக்கிற ஆளில்லை. அவனுக்கு உள்ளே என்ன இருந்தாலும் முகத்தில் கொப்புளம் மாதிரி தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஜன்னலோரத்து அம்மாள், கிள்ளான்காரி, துணிப்பைகளை மடியிலும் காலிலும் அடுக்கிக்கொண்டு, அங்கிள், முதல் தடவையா என்று கேட்கிறாள். இல்லம்மா, ரெண்டாம் தடவை, என்றேன். இதுக்கு முந்தி வந்தப்ப, என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கப்பல்காரன் கையைத் தூக்கிவிட்டான். பக்கத்தில் இவன். கண்ணை மூடியபடியே காதைத் திறந்துவைத்திருக்கிறான். விழுங்கினேன். அவள் பாட்டுக்குப் பேசுகிறாள், நாங்க நெனச்சா வந்துருவோம் லா அங்கிள், தீபாவளிக்குச் சேலை எடுக்கணும்னா திருச்சி, கல்யாணம்னா திருச்சி, வெள்ளிக்கிழமை வந்தா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பேன், ரொம்பப் பக்கம் லா. பக்கம். இவளும் அதே சொல். இவளுக்குப் பக்கம்தான், இவள் சேலை எடுக்க வருகிறவள். ஒரு விஷயம் யாருக்காவது தெரியுமோ, அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. ஏறின நேரத்தையும் இறங்குகிற நேரத்தையும் சுவர்க்கடிகாரத்தில் பார்த்தால் ஆறரை மணி நேரம் ஆகிவிடும். பிரவீன் போன் அதைச் சொல்லாது. ஆறரை எங்கே நாலு எங்கே, நான் சொன்னதில் பாதிப் பொய்தான் என்றுகூட வாதாடியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. ஆனால் திரும்பி வரும்போது? அப்போது அந்த இரண்டரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அங்கே மூன்று மணிக்கு ஏறினால் திருச்சியில் நாலரைக்கு இறங்கலாம். போக ஆறரை, வர ஒன்றரை. போகிறதுதான் தூரம், வருகிறது பக்கம். இதைச் சாத்தையாவிடம் சொன்னால் ரசிப்பான். சொல்ல மாட்டேன்.

மாத்திரை நேரம். கண்ணைத் திறந்துவிட்டான். முன்சீட்டுக்கு அடியில் இருந்த பையைக் காலால் இழுக்கிறான், மடியில் வைத்து ஜிப்பைப் பாதி திறக்கிறான், எனக்கு முதுகைக் காட்டித் திறக்கிறான். எதற்கு முதுகு. திருச்சியில் பையைக் கருவியில் விட்டபோது அந்த அதிகாரி நிறுத்திக் கேட்டார், பெரியவரே, உள்ள என்ன பிரேம் மாதிரி? சாமி படம் சார், என்றான். மகன் வீட்டுப் பூஜையறைக்கு என்று நானும் நினைத்துக்கொண்டேன். மாத்திரை அட்டை கீழே கிடக்கிறது போல, குடைகிறான். மேலே இருந்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடைகிறான். சுங்குடிச் சேலை. அரக்கில் வெள்ளைப் புள்ளி. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனபோது வழியில் திண்டுக்கல்லில் நான் எடுத்துக் கொடுத்தது, சாயம் போகும்ண்ணே இது என்று அவள் சொன்னாள், போகவில்லை. சேலைக்குள் கட்டையாக ஒன்று. மூலையில் துணி விலகி மரச்சட்டம் தெரிகிறது, கண்ணாடியில் காய்ந்த சந்தனம். சாமி படமில்லை. பொன்னழகு. கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, சின்ன சிவப்பு பல்பு எரிய மாட்டியிருந்த படம். பத்து நாளைக்கு முன்னால் அந்தச் சுவர் வெறுமையாக இருந்தது, எங்கடா என்று கேட்டதற்குக் கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கேன் என்றான். நானும் சரி என்றேன். சாத்தையா சொன்னால் சரிதானே. அவன் சொந்தமாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. என் பொய்க்குத் தோள் கொடுப்பான், அவ்வளவுதான். அவன் பொய் சொல்வானா என்று யோசிக்கவே எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாள் ஊருக்குப் போகிறவன் எவனாவது சுவரிலிருந்து செத்தவள் படத்தை இறக்குவானா? பல்பை அணைத்துவிட்டுப் போவான், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வெள்ளிக்கிழமை பூப்போடச் சொல்லிவிட்டுப் போவான். படத்தை இறக்குவது வெள்ளையடிக்க. இல்லையென்றால் வீட்டை ஒழிக்க. வெள்ளையடிக்கவில்லை.

திரும்பி வர மாட்டான். இந்த விமானத்தில் இது அவனுக்குப் போகிற வழி மட்டும்தான். தண்ணீர் குடிக்கிறான், தொண்டை ஏறி இறங்குகிறது, மாத்திரை போய்விட்டது. எவ்வளவு நாளாகத் தெரியும் இவனுக்கு? ஒரு மாதமா, மகன் டிக்கெட் அனுப்பிய அன்றைக்கா, அதற்கும் முன்பா. மாடு கன்றை விற்றான், வீட்டில் தனி ஆள், பார்க்க முடியலை மச்சான் என்றான், சரிதான் என்றேன். சைக்கிளை வீரய்யா மகனுக்குக் கொடுத்தான், கால் வலி என்றான், சரிதான் என்றேன். எல்லாவற்றுக்கும் சரிதான் சரிதான் என்று நான் சொல்லியிருக்கிறேன், இவனுக்கு நான் சாட்சி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஊரை ஏமாற்றப் பிறந்தவன் நான் என்று என் அப்பன் சொல்வான். இதோ உட்கார்ந்திருக்கிறான் என்னை ஏமாற்றினவன், வேட்டி சட்டையில், மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டு. அப்போது பக்கம்தான் என்று சொன்னானே. நான் நாலு மணி நேரத்தையே பிடித்துக்கொண்டு ஒரு வாரமாக எரிந்தேன், பின்னால் சொன்ன சொல்லைக் கேட்கவே இல்லை. பிரவீனுக்கா சொன்னான் அதை. மண்டபத்துக்கா சொன்னான். காம்பு கிள்ளிக்கொண்டு, தலையைத் தூக்காமல். போவதாக முடிவு செய்துவிட்டான், அந்தச் சமயத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஊரை இரண்டு ராத்திரி ஒரு பகல் தூரத்துக்குத் தள்ளி வைக்கிறேன், காற்று மறித்து நிற்கிற, கப்பல் நகராத தூரத்துக்கு. அவனால் தாங்க முடியவில்லை. அதை இழுத்துக் கிட்டே வைத்தான். எனக்குப் பக்கம் என்று சொன்னானா, அவனுக்கே சொல்லிக்கொண்டானா. எதுவாக இருந்தால் என்ன. என்னிடம் சொல்லியிருக்கலாம். மச்சான், நான் போறேன், என்று மூன்று சொல். அதைச் சொல்வதற்குப் பதில் என் கதையைக் கொன்றான். கொன்றுவிட்டு, கூட வா என்று கூப்பிட்டு, ஒத்தையில் ஏறப் பயமாய் இருக்கிறது என்று சொல்லி, என்னையே கொண்டு தன்னைக் கொண்டுவிடச் செய்கிறான். பெண்ணைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வருகிற அண்ணன் மாதிரி நான் இவனை விட்டுவிட்டு வர வேண்டும். அதுவும் ஒன்றரை மணி நேரத்தில்.

பயம் வருகிறது. விமானத்துப் பயம் இல்லை. இறங்கி, பதினைந்து நாள் கழித்துத் திருச்சியில் தனியாக நிற்கிறேன், பஸ் பிடிக்கிறேன், புதுக்கோட்டையில் மாறுகிறேன், ஊர். வீரய்யா கடை. எங்க உங்க மாப்ள? அங்கேயே இருந்துட்டான். அப்புறம் என்ன சொல்வேன், யார் பக்கம் தலையைத் திருப்புவார்கள். நான் உண்மையையே சொன்னாலும், ஆமாம் அங்கே மழை பெய்தது, சாலை அகலம், அவன் மருமகள் தங்கமானவள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாலும், அதற்கு ஒரு ஆள் வேண்டும், குடை மட்டும் எடுத்துட்டுப் போகலை என்று ஒரு குறை சொல்ல. தனி ஆள் சொன்னால் உண்மைகூடப் புளுகுதான். ஒன்றும் சொல்லாமல் டீ குடிப்பேன். டீ குடிப்பதற்கா இத்தனை வருஷம் கடைக்குப் போனேன். பொன்னழகும் இல்லை, கூடத்தில் வெறும் ஆணி. இவன் கட்டினவன்தான், சரி, உரிமை இருக்கிறது. நான் தூக்கி வளர்த்தவன் இல்லையா. அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார். ஒரு சேலையில் சுற்றி, சாமி படம் என்று சொல்லி, கடல் தாண்டிக் கொண்டுபோகிறான், என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு. சத்தம் போட்டால் என்ன. இந்த அம்மாளிடம் சொன்னால் என்ன, இந்த ஆள் என் தங்கச்சியைத் திருடிக்கொண்டு போகிறான் என்று.

மச்சான், என்றான். நான் திரும்பவில்லை. மச்சான், கொஞ்சம் காலை மடக்கு, பாத்ரூம் போகணும். மடக்கினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போகிறான், நடுவழியில் ஒரு தள்ளுவண்டி, அதற்கு வழிவிட்டு நிற்கிறான். பை இருக்கிறது. ஜிப்பை முழுசாக மூடவில்லை. மாசி மாதம் அவள் திதி. எங்கள் பக்கத்தில் படம் இல்லாமல் திதி கொடுக்க மாட்டார்கள், இவன் ஒரு வருஷமும் விட்டதில்லை, காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து இலை போட்டிருக்கிறான். படம் எங்கே இருக்கிறதோ அங்கே வந்துதானே ஆக வேண்டும். நாலு மணி நேரம்தானே? வா. யோசித்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. என் கைக்கு எப்போதுமே அவசரம், வாயைப் போல. குனிந்தபோது இடுப்பில் ஒரு பிடிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு சேலையோடு சேர்த்து இழுத்தேன், கனம், இவ்வளவு கனமாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. என் பையில் இருந்த துண்டையும் பனியனையும் எடுத்து அவன் பையில் திணித்தேன், அவளை என் பையில் நிற்கவைத்து ஜிப்பை இழுத்தேன். நிமிர்ந்தால் கிள்ளான் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. அங்கிள், அது அந்த அங்கிளோட... என்கிறாள். என் தங்கச்சிம்மா, என்றேன். வேறு என்னவோ சொல்ல நினைத்தேன், நல்லதாக ஒரு புளுகு, அதற்குள் இது வந்துவிட்டது. அவள் என் முகத்தையும் பையையும் பார்த்தாள். தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடையதும் நடிப்புத்தான். இந்த வரிசையில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவினான், நான்தான் மாட்டிவிட்டேன், அதற்குப் பேச வேண்டியதில்லை. காது அடைக்க ஆரம்பித்தது. கீழே மேகம் பிரிந்து பச்சைத் தோட்டம், வரி வரியாக, எண்ணெய்ப் பனை. மச்சான், என்றான், ஒன்னு சொல்லணும். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். இவ்வளவு நாள் சொல்லாதவனை இப்போது இந்தக் கால்மணி நேரத்தில் சொல்லவிட்டால், சரி என்று நான் சொல்ல வேண்டியிருக்கும், வழக்கம்போல. இறங்கினப்பறம் சொல்லு, என்றேன். திருச்சியிலிருந்து இவனிடம் நான் பேசிய முதல் பேச்சு. இல்ல மச்சான், இப்பவே... காது அடைச்சிருக்குடா, ஒன்னும் கேக்கலை, என்றேன். கேட்டது, எல்லாம் நன்றாகக் கேட்டது, அவன் எச்சில் விழுங்குவதுகூட. சக்கரம் தரையில் இடித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தான். ஓடி, வேகம் குறைந்து, நின்ற பிறகும் விடவில்லை. கைக்குக் கை வேர்வை. யார் கை என்று தெரியவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவன் குனிந்து பையைத் தூக்கினான். தூக்கின கை சட்டென்று மேலே வந்துவிட்டது, கனமென்று நினைத்து லேசானதைத் தூக்கினால் வருமே, அப்படி. அப்படியே நின்றான். பின்னால் இருந்தவர்கள், பெரியவரே நகருங்க, நகருங்க என்கிறார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் குழாயை இழுத்துக்கொண்டு போனான், அவனையே பார்த்தேன். ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்கும் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஏன்டா என்று கேட்பான், குரல் உயரும், இந்த ஜனமெல்லாம் திரும்பும், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன், பதில்கூட வைத்திருந்தேன், நீ மட்டும் என்னடா செஞ்ச என்று. அவன் தன் பையைத் தோளில் மாட்டினான். குனிந்து என் பையை எடுத்தான். என்னிடம் நீட்டவில்லை. வாரைத் தொடாமல் இரண்டு கையாலும் அடியில் பிடித்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் பின்னால். குழாய் மாதிரி ஒரு வழி, கண்ணாடிச் சுவர், ஓடுகிற தரை. அதில் ஏறும்போது தடுமாறினான், கைப்பிடியைப் பிடிக்க ஒரு கையைக்கூட விடவில்லை, நான் முதுகில் கை கொடுத்தேன். நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக ஜனம். வழிகாட்டுகிற பெண், தலையில் முக்காடு, என் பாஸ்போர்ட்டைப் பார்த்து இந்தப் பக்கம் என்று கை காட்டினாள். அவனுடையதைப் பிரித்தாள், உள்ளே ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தாள், அந்தப் பக்கம் என்று காட்டினாள். அந்தப் பக்கத்து வரிசை குட்டை, இங்கேயே தங்க வருகிறவர்கள் வரிசை. அவன் என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அந்தப் பெண் சொல்லிவிட்டாள். கிட்டே வந்தான். பையை என் தோளில் மாட்டினான், வார் முறுக்கியிருந்ததை நேராக்கினான், சட்டைக் காலரை அதற்கு அடியிலிருந்து எடுத்துவிட்டான்.

“கீழ வைக்கிறப்ப பார்த்து வை மச்சான்,” என்றான். “கண்ணாடி.”